நெடுவேலின் சாவுச் சேதி

பாலக்கோடு தக்காளி மண்டியில் காலை நேரத்தில் யாரும் யாரோடும் மெதுவாகப் பேச முடியாது. ஒரு பக்கம் ஏலக் குரல், இன்னொரு பக்கம் லாரி ஹார்ன். அந்த இரைச்சலுக்கு நடுவில் ரோசம்மாள் கதை சொல்வாள். அவளைச் சுற்றி உட்கார்ந்து தக்காளி தரம் பிரிக்கிற பெண்கள் ஒரு சொல் விடாமல் கேட்பார்கள். பழம் தனி, செங்காய் தனி, உடைசல் தனி என்று கைகள் பாட்டுக்கு வேலை செய்யும். காதெல்லாம் முந்தின நாள் ஏழரை மணிக்கு டிவியில் வந்த ‘கருமலைக் காவல்’ மேல்தான்.

கதை ஒன்றும் பெரிய சிக்கலில்லை. கருமலைக் காட்டில் தேனருவி என்று ஒரு வனக் காவலர். மலைக்கு அடியில் ஒரு பூதம் தூங்குகிறது, அமாவாசைக்கு அமாவாசை கண் விழிக்கிறது. அவளுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவன் நெடுவேல். பாறையிலிருந்து விழுந்து செத்துப் போனவன், போக மனமில்லாமல் ஆவியாகச் சுற்றுகிறான். டிவி பார்க்கிறவர்களுக்குத் தெரிவான், தேனருவியின் கண்ணுக்குத் தெரிய மாட்டான். காற்று வீசினால் அவன் குரல் தேனருவிக்கு மட்டும் கேட்கும். ஜீப்பின் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஆபத்து வருவதைச் சொல்வான், நடுநடுவே அவள் ஜீப் ஓட்டும் லட்சணத்தையும் குறை சொல்வான். தமிழ்நாட்டில் பாதிப் பேர் பூதத்துக்காகப் பார்த்தார்கள், மீதிப் பேர் நெடுவேலுக்காகப் பார்த்தார்கள். மண்டிப் பெண்கள் மொத்தமும் நெடுவேல் கட்சி.

ரோசம்மாள் சொன்னால் டிவியில் பார்த்தவர்களுக்கே இன்னொரு முறை கேட்கத் தோன்றும். பூதம் உறுமுகிற இடத்தில் அவளும் உறுமுவாள். ஒருநாள் அந்த உறுமலில் பக்கத்துக் கடை வியாபாரி ஏலத் தொகையை மறந்து போனார். அது எனக்கென்னவோ கொஞ்சம் கூட்டிச் சொன்ன மாதிரிதான் படுகிறது, ஆனால் மண்டியில் சத்தியம் செய்து சொல்கிறார்கள்.

அவளுடைய முதல் ரசிகை பெரியம்மாள். மாரண்டஹள்ளிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவள், ரோசம்மாளைவிட நாலைந்து வயது மூத்தவள். அவள் வீட்டிலும் டிவி இருந்தது, ஆனால் அதன் மேல் துணி போட்டு மூடியிருந்தது. போன வருஷம் அவள் புருஷன் மாது ஓசூரில் லாரியிலிருந்து பெட்டி இறக்கும்போது விழுந்து இறந்து போனார். சாவு வீட்டில் டிவி போடக் கூடாது என்று மூடினாள். காரியம் முடிந்த பிறகும் அந்தத் துணியை எடுக்கவில்லை. அதனால் அவளுக்குத் தெரிந்த கருமலைக் காவல் முழுக்க முழுக்க ரோசம்மாள் வாயால் கேட்டதுதான்.

முதன்முதலில் நெடுவேலைப் பற்றிச் சொன்ன அன்று பெரியம்மாள் கையிலிருந்த தக்காளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். “அந்தப் பொண்ணுக்கு அவன் கொரல் மட்டுந்தான் கேக்குமா?”

“கொரல் மட்டுந்தாங்க்கா. ஆளு தெரியாது.”

“கொரல் கேட்டாப் போதும்” என்றாள் பெரியம்மாள். தக்காளியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள். ரோசம்மாளுக்குப் புரிந்தது. அன்றிலிருந்து நெடுவேல் பேசும் இடங்களை அவள் கொஞ்சம் நீட்டியே சொல்லி வந்தாள்.

அப்படி இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை சீரியல்காரர்கள் நெடுவேலைக் கொன்றுவிட்டார்கள்.

பூதம் வெளியே வரப் பார்த்தது. குகையின் வாயை உயிருள்ள யாராலும் அடைக்க முடியாதாம், ஆவி போய் நின்றால்தான் அடைபடுமாம். நெடுவேல் உள்ளே போனான். காற்று நின்றது, குரலும் நின்றது. தேனருவி கத்திக் கூப்பிட்டாள், பதில் இல்லை. திரை இருட்டாகி, பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

ரோசம்மாள் கல்லில் ஊற்றிய தோசையை மறந்து டிவி முன்னால் நின்றாள். தீய்ந்த வாசனை பிடித்துக்கொண்டு வந்த அவள் புருஷன் சவுரியப்பன், சர்க்கரை ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவன், நடந்ததைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

“அவன் ஏற்கெனவே செத்தவன்தானே? செத்தவன் எப்படி மறுபடி சாவான்?”

அன்று அவனுக்குத் தீய்ந்த தோசைதான் கிடைத்தது.

மறுநாள் காலையில் மண்டியே இழவு விழுந்த வீடு மாதிரி இருந்தது. கூட்டத்தில் சின்னவளான சோபனா செல்போனை வைத்துக்கொண்டு ஊர் உலகம் என்ன சொல்கிறது என்று வாசித்தாள். இனி இந்தச் சேனல் பக்கமே வரமாட்டேன் என்று ஆயிரம் பேர் எழுதியிருந்தார்கள், திங்கட்கிழமை ஏழரைக்கு அத்தனை பேரும் வந்து உட்காரப் போகிறவர்கள்தான். கதை எழுதினவரை ஒருவர் விடாமல் திட்டியிருந்தார்கள். யாரோ ஒரு கல்லூரிப் பெண் அழுதுகொண்டே வீடியோ போட்டிருந்தாள். “குகையை அடைக்க ஒரு பாறை பத்தாதா? ஜேசிபி வெச்சுத் தள்ளுனா முடிஞ்சுது” என்றான் மேஸ்திரி கலைமணி. மீசையை முறுக்கிக்கொண்டு சுற்றுகிற ஆள், நேற்று சீரியல் முடிந்ததும் வாசலில் போய் நின்று கண்ணைத் துடைத்தானாம். அவன் பெண்டாட்டி சோபனாவிடம் சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் பெரியம்மாள் வந்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து ஒரு பெட்டியை இழுத்துக் கொட்டினாள்.

“சொல்லு ரோசு. குகைக்குள்ள போனானா?”

சோபனா செல்போனைக் கவிழ்த்து வைத்தாள். ரோசம்மாள் வாயைத் திறந்தாள். பெரியம்மாளின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்து அந்தச் சேதியைச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

“போகலக்கா” என்றாள். “வாசல் வரைக்கும் போனான். அங்க காத்து நின்னுபோச்சு. காத்து இல்லன்னா அவனால நகர முடியாதுல்ல, அப்டியே நின்னுட்டான். அதுக்குள்ள தேனருவி வேற வழி கண்டுபுடிச்சுட்டா.”

“என்ன வழி?”

ரோசம்மாள் நிமிர்ந்து கலைமணியைப் பார்த்தாள். “ஜேசிபி” என்றாள்.

பெரியம்மாள் நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டாள். “நல்ல வேளை. நேத்துப் பூரா எனக்கு அதே நெனப்பு” என்றாள்.

டீ குடிக்கப் போன இடத்தில் சோபனா ரோசம்மாளைப் பிடித்துக்கொண்டாள். “என்னக்கா நீங்க பாட்டுக்கு அடிச்சு விடுறீங்க? திங்கக்கெழம என்ன பண்ணுவீங்க?”

“திங்கக்கெழமயும் அடிச்சு விடுவேன்” என்றாள் ரோசம்மாள்.

விட்டாள். ஒரு பொய்யை ஒருநாள் சொல்வது சுலபம். தினமும் ஒரு எபிசோடு பொய் சொல்வது லேசான காரியமில்லை. ஆனால் அவளுக்கு உதவிக்கு ஆள் பஞ்சமே இல்லை. நெடுவேலைக் கொன்றவர்கள் மேல் எல்லாருக்கும் கோபம் இருந்தது, அவனை உயிரோடு, அதாவது ஆவியோடு, வைத்திருப்பதில் எல்லாருக்கும் ஆசை இருந்தது. பூதத்தைத் தண்ணீர் பாய்ச்சி அடக்கலாம் என்றாள் சோபனா. தொப்பூர்க் கணவாய் மாதிரி ஒரு வளைவில் ஜீப்புக்குப் பிரேக் பிடிக்காமல் போக வேண்டும், நெடுவேல்தான் வழி சொல்லிக் காப்பாற்ற வேண்டும் என்றான் லாரி டிரைவர் தமிழ்ச்செல்வன். தன் யோசனை கதையில் வந்ததா என்று மறுநாள் லாரியை நிறுத்திக் கேட்டுவிட்டுத்தான் லோடு ஏற்றினான்.

உண்மையான சீரியலில் நெடுவேலுக்குப் பதிலாக அவனுடைய தம்பி என்று ஒருவனைக் கொண்டுவந்தார்கள், அதே நடிகனின் தாடியை எடுத்துவிட்டு. மண்டியில் அவனை யாரும் சீண்டவில்லை. “நம்ம கதை எவ்ளோ தேவல” என்று சோபனாவே சொன்ன அன்று ரோசம்மாளுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது. பெரியம்மாளுக்காகத் தொடங்கியதுதான். இப்போது ராத்திரி படுத்தால் அவளுக்கு நெடுவேல் அடுத்து என்ன பேசுவான் என்பதே யோசனையாக இருந்தது. உள்ளதைச் சொன்னால், அவளுக்கு ஆனந்தமாக இருந்தது.

பெரியம்மாள் அதற்குள் சிரிக்கத் தொடங்கியிருந்தாள். நெடுவேல் குறை சொல்லும் இடங்களில் “ஆமா, ஆம்பளைங்க எல்லாம் பின்னாடி உக்காந்து நல்லாத்தான் ஓட்டுவாங்க” என்பாள்.

இது இப்படியே போயிருக்கும். ரசிகர்கள் என்று ஒரு ஜாதி இருக்கிறதே, அவர்கள் சும்மா இருந்திருந்தால்.

நெடுவேலின் பதினாறாம் நாளுக்குப் பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் யாரோ இளவட்டங்கள் ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார்கள். கறுப்பு வெள்ளையில் நெடுவேலின் முகம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே ‘கண்ணீர் அஞ்சலி’, கீழே தோற்றம், மறைவு, தேதியோடு. அதற்கும் கீழே கட்டினவர்களின் படங்கள் வரிசையாக, கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு. இறந்தவனைவிட அழுகிறவர்கள்தான் பெரிதாகத் தெரிந்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்குகிற எவர் கண்ணிலும் அது படாமல் தப்ப வழியில்லை.

திங்கட்கிழமை காலையில் பெரியம்மாள் மண்டிக்கு வந்து ரோசம்மாள் பக்கம் திரும்பாமல், கடைசியில் கிடந்த இன்னொரு குவியலுக்குப் போய் உட்கார்ந்தாள்.

“அக்கா, இங்க வாங்க” என்றாள் ரோசம்மாள்.

பெரியம்மாள் பழத்தைப் பொறுக்கத் தொடங்கினாள். ரோசம்மாள் எழுந்து போய் அருகில் நின்றாள். சோபனாவும் பின்னாலேயே வந்தாள்.

“பஸ் ஸ்டாண்டுல பேனர் கட்டியிருக்குது” என்றாள் பெரியம்மாள், தக்காளியை விட்டுக் கண்ணை எடுக்காமல். “ஊருக்கே தெரிஞ்சிருக்குது. எனக்கு மட்டும் யாரும் சாவு சொல்லல.”

சாவு சொல்லாமல் விடுவது எங்கள் பக்கத்தில் சின்ன விஷயமில்லை. பத்திரிகை வைக்காத கல்யாணத்தைக்கூட மன்னித்துவிடுவார்கள். சாவு சொல்லாமல் விட்ட பங்காளியோடு மூன்று தலைமுறை பேசாத குடும்பங்கள் உண்டு. பெரியம்மாள் அந்தச் சொல்லைப் போட்டதும் ரோசம்மாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“உங்க மனசு கஷ்டப்படும்னுதாங்க்கா சொல்லல.”

பெரியம்மாள் இப்போது நிமிர்ந்து பார்த்தாள். “அன்னிக்கும் அப்டித்தான் சொன்னாங்க. ஓசூர்ல சீரியஸா இருக்காருன்னாங்க. போர்வ எடுத்துக்கோ, ஃபிளாஸ்க் எடுத்துக்கோன்னாங்க. நானும் எடுத்துக்கிட்டுப் போனேன். பஸ்ல கண்டக்டரு எங்கிட்ட டிக்கெட்டுக்குக் காசு வாங்கல. நல்ல மனுசன்னு நெனச்சேன். கண்டக்டருக்குத் தெரிஞ்சிருக்குது. பஸ் பூரா தெரிஞ்சிருக்குது. நான் மட்டும் எறங்குன எடத்துல அவருக்குப் பிரெட்டு வாங்கிட்டுப் போனேன்.”

கையிலிருந்த தக்காளியைக் கீழே வைத்தாள்.

“போய்ப் பாத்தா மூடி வெச்சிருக்காங்க. எல்லாரும் அழுது முடிச்சு, வண்டி பேசி, ரெடியா நிக்கிறாங்க. எனக்கு அழுகையே வரல ரோசு. கையில அந்தப் பிரெட்ட வெச்சுக்கிட்டு அத எங்க வெக்கிறதுன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்.” அவள் மறுபடி தக்காளியைப் பொறுக்கத் தொடங்கினாள். “நீயும் ரெண்டு வாரமா என்னப் பிரெட்டு வாங்க வெச்சுட்ட.”

அந்த வாரம் முழுக்க ரோசம்மாளின் குவியலில் கதை இல்லை. சோபனா ஒருநாள் சொல்லிப் பார்த்தாள், பூதம் வந்தது, போனது என்று மூன்றே வரியில் முடித்துவிட்டாள். கலைமணி கூட, வேலை ஓடுகிறது ஆனால் மண்டி ஓடவில்லை என்று சலித்துக்கொண்டான். பெரியம்மாள் கடைசிக் குவியலில் குனிந்த தலை நிமிராமல் இருந்தாள். ரோசம்மாள் அவளைப் பார்த்துக்கொண்டே பழத்தைச் செங்காயோடு சேர்த்துப் போட்டுத் திட்டு வாங்கினாள். ஒரு சீரியலால் ஓர் அக்காவைத் தொலைத்துவிட்டோமே என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

சனிக்கிழமை சாயந்திரம் சவுரியப்பனிடம் சொல்லி அழுதாள். அவன் கேட்டுவிட்டுச் சிரித்தான். “அப்ப ஒண்ணு செய். போய் மொறப்படி சாவு சொல்லிட்டு வா” என்றான்.

அவன் விளையாட்டுக்குச் சொன்னான். ரோசம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் கோயிலுக்குக் கட்டிய சேலையோடு மாரண்டஹள்ளி பஸ் ஏறினாள். பெரியம்மாளின் வீட்டை அடைந்தபோது அவள் வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ரோசம்மாளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் வீடு தேடி வந்தவளை என்ன செய்வது? உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

ரோசம்மாள் வாங்கவில்லை. படியும் ஏறவில்லை. வாசலிலேயே நின்றாள்.

“தண்ணி வேணாங்க்கா. சேதி சொல்ல வந்தேன்.”

சாவு சொல்ல வருகிறவர்கள்தான் தண்ணீர் வாங்காமல் அப்படி நிற்பார்கள். பெரியம்மாள் சொம்பைக் கீழே வைத்தாள்.

“யாரு?”

“நம்ம நெடுவேலு.”

ரோசம்மாளுக்கு ஒரு கணம் பயமாக இருந்தது. இவள் சிரித்துவிட்டால், அல்லது கதவைச் சாத்திவிட்டால்? பெரியம்மாள் இரண்டும் செய்யவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

“எப்போ?”

“மூணு வாரம் ஆச்சுங்க்கா. வெள்ளிக்கெழம. அன்னிக்கே வந்து சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டது எந்தப்புத்தான்.”

“எப்டிப் போனான்?”

ரோசம்மாள் சொன்னாள். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை, உறுமவும் இல்லை. குகை வாசலில் நின்று அவன் திரும்பியதையும், தேனருவி போகாதே என்றதையும், காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததையும் பார்த்தது பார்த்தபடி சொன்னாள்.

“கடைசியா எதாச்சும் பேசுனானா?”

“பேசுனான். ஜீப்புல டீசல் கம்மியா இருக்குது, பாத்துப் போன்னான்.”

“அதா சொன்னான்?”

“அதாங்க்கா சொன்னான். அதோட கொரல் நின்னுபோச்சு.”

பெரியம்மாள் முதலில் சத்தமில்லாமல் அழுதாள். பிறகு வாய்விட்டு அழுதாள். தெரு முழுக்கக் கேட்கும்படி மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். பக்கத்து வீட்டுப் பிரியதர்ஷினி கையில் மாவோடு பதறி ஓடி வந்தாள்.

“யாருக்கு என்னாச்சுங்க?”

ரோசம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “நெடுவேலு” என்றாள்.

“அட, அவரா” என்றாள் பிரியதர்ஷினி. அவள் முகமும் கோணிக்கொண்டது. “நானும் அன்னிக்குச் சோறு திங்கலக்கா.” மாவுக் கையோடு அப்படியே பெரியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் கண்ணீர் விட்டாள்.

கொஞ்ச நேரம் மூன்று பெண்களும் நெடுவேலுக்காகத்தான் அழுதார்கள். பிறகு பெரியம்மாளின் அழுகையில் பிரெட் வந்தது. ஃபிளாஸ்க் வந்தது. “ஒங்களுக்குன்னு வெந்நி கொண்டாந்தேனே, ஒரு வாய் குடிக்காம போய்ட்டீங்களே” என்று வந்தது. பிரியதர்ஷினி சட்டென்று அழுகையை நிறுத்தி ரோசம்மாளைப் பார்த்தாள். ரோசம்மாள் படியேறிப் போய்ப் பெரியம்மாளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். மாது செத்த அன்று வராத அழுகை அத்தனையும் அவள் தோளில் இறங்கியது. அது ஓய வெகு நேரம் ஆனது.

ஓய்ந்த பிறகு பெரியம்மாள் முகம் கழுவினாள். அந்தச் சொம்புத் தண்ணீரை எடுத்து ரோசம்மாளிடம் மறுபடி நீட்டினாள். இந்த முறை ரோசம்மாள் வாங்கிக் குடித்தாள். கிளம்பும்போது வாய் தவறி, போய்ட்டு வர்றேன் என்று சொல்ல வந்தவள் அடக்கிக்கொண்டாள். சாவுக்கு வந்தவர்கள் அப்படிச் சொல்லிக்கொண்டு போகக் கூடாது. சொல்லாமலேயே இறங்கி நடந்தாள்.

மறுநாள் மண்டிக்குள் வந்த பெரியம்மாள் நேராக ரோசம்மாளின் குவியலுக்கு வந்து உட்கார்ந்தாள். கண் இன்னும் வீங்கியிருந்தது. ஒரு பெட்டியை இழுத்துக் கொட்டினாள்.

“சொல்லு” என்றாள்.

“என்னத்தங்க்கா சொல்றது? அவந்தான் செத்துட்டானே.”

“டிவியில செத்துட்டான். சாவு சொல்லியாச்சு, அழுதாச்சு. ஒங் கதையில எங்க விட்ட? கணவாயில பிரேக்கு புடிக்காம வண்டி ஓடுது. அதச் சொல்லு.” ஒரு செங்காயை எடுத்துத் தனியே போட்டாள். “ஆனா இனிமே யார் செத்தாலும் மொதல்ல எங்கிட்டச் சொல்லிடணும். அப்புறம் நீ என்ன வேணா அடிச்சு விடு, நான் கேக்கறேன்.”

சோபனா நகர்ந்து கிட்டத்தில் வந்தாள். எடை போட்டுக்கொண்டிருந்த கலைமணி அப்படியே நின்றான். ரோசம்மாள் தொண்டையைச் சரி செய்துகொண்டாள். கண்ணில் நீர் முட்டியது, தக்காளிச் சாறு பட்ட கையால் துடைத்து இன்னும் எரிய வைத்துக்கொண்டாள்.

“தேனருவி வண்டிய வளைச்சு வளைச்சு எப்டியோ மேட்டுல ஏத்தி நிறுத்திட்டா. ஒரே அமைதி. அப்புறம் காத்து வந்துச்சு. பின் சீட்டுலருந்து கொரல் கேக்குது.”

“என்னன்னு?”

“டீசல் போட்டியான்னு கேக்கறான்.”

பெரியம்மாள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுத்த தக்காளியை எடுத்தாள்.

“எங்க ஊட்டுக்காரரும் அப்டித்தான்” என்றாள். “நான் எங்க கெளம்புனாலும் பின்னாடியே வந்து, சில்லற இருக்குதாம்பாரு.”

மாது போன பிறகு, அவர் இருந்த நாட்களைப் பற்றி அவளாக எடுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. ரோசம்மாள் கதையை அங்கேயே நிறுத்திவிட்டாள். “அப்புறம் என்னக்கா சொல்வாரு?” என்று கேட்டாள். அன்று மண்டியில் பெரியம்மாள் சொன்னாள், மற்றவர்கள் கேட்டார்கள்.